உப்புப் படாத தூண்டில்

மனிதன் முதலில் மீனைப் பிடித்தான். பிறகு மீனை விற்றான். மீன் பிடிக்கும் கருவியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அலுமாரியில் பூட்டிவைக்கும் அளவுக்கு அவன் உயர்ந்தது மிக அண்மையில்தான். அந்த உயர்ந்த நாகரிகத்தின் பிறப்பிடம் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள யோகலிங்கம் அவர்களின் வீட்டு முன்னறை. வரலாற்றாசிரியர்கள் இதை இன்னும் எழுதவில்லை. அவர்களுக்கு மீன் வாசம் ஒத்துக்கொள்ளாது போலும்.

யோகலிங்கம் ஓர் அரச திணைக்களத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் காலத்தில் அந்தக் களஞ்சியத்திலிருந்து ஒரு பொருளும் களவு போகவில்லை. களவு என்ன, ஒரு பொருளும் வெளியே போகவே இல்லை. மண்வெட்டி கேட்டு வந்த தொழிலாளியிடம், "தந்தால் தேய்ஞ்சுபோகுமே தம்பி" என்று பொறுமையாக விளங்கப்படுத்தி வெறுங்கையுடன் அனுப்பியவர். அவர் ஓய்வுபெற்ற அன்று, அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் வந்திறங்கிய நாற்பது மண்வெட்டிகளும் சுற்றிய தாள் பிரியாமல் அடுக்கியபடியே இருந்தன. அதைப் பார்த்து மேலதிகாரி கண்கலங்கினாராம். ஏன் கலங்கினார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகள் அனுஷியா ஒரு தூண்டிற்கோல் அனுப்பிவைத்தாள். அப்பா பின்னேரங்களில் சும்மா இருக்கிறார், துறைமுகக் கரைக்குப் போய் நாலு மீன் பிடிக்கட்டும் என்பது அவளுடைய எண்ணம். பிள்ளைகள் இப்படித்தான், யோசிக்காமல் செய்துவிடுவார்கள்.

அது கொடுவா பிடிக்கவென்றே செய்த கோல். ஏழடி நீளம். நடுத்தரத்துக்குச் சற்றுக் கூடிய விறைப்பு, முனை மட்டும் சட்டென்று வளையும். நூல் சுற்றும் சுழலிக்குள் எட்டுக் குண்டுப் போதிகைகள், அதாவது பெயாரிங்குகள். எட்டுப் பிரி போட்டுப் பின்னிய நூல். கூடவே நாற்பத்திரண்டு பக்கக் கைநூல் ஒன்றும் வந்தது. கோலைத் தெரிவுசெய்வது பற்றி அதில் பதினொரு பக்கம், பேணுவது பற்றி முப்பது பக்கம். மீன் பிடிப்பது பற்றி அரைப்பக்கம் இருந்தது. அதிலும் "உள்ளூர்வாசிகளைக் கேட்டறியவும்" என்றுதான் போட்டிருந்தார்கள்.

யோகலிங்கம் அந்த முப்பது பக்கங்களையும் தேவாரம்போல மனனம் செய்தார். அதில் ஒரு வாசகம் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. "சுழலியின் முதல் எதிரி உப்பு நீர்." எதிரி யார் என்று தெரிந்த பிறகு அவனிடமே கொண்டுபோய்ப் பொருளைக் கொடுப்பது எந்தக் களஞ்சிய மரபு? மூன்று ஆண்டுகளாக அந்தக் கோலில் ஒரு துளி உப்பு நீர் படவில்லை. நானூறு மீற்றர் தூரத்தில் உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அலையடித்துக் கிடந்தது. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு நடக்கும். சுழலியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, போதிகைக்கு ஒரு துளி எண்ணெய், பற்சில்லுக்கு ஒரு பொட்டுக் கிறீஸ். கோலின் வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று பஞ்சை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பார். பஞ்சு சிக்கினால் கீறல். மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. சிக்க எப்படி முடியும்? கடைசியாக, நூலை இறுக்கிப் பிடிக்கும் திருகைத் தளர்த்திவிடுவார். வைத்திருக்கும்போது அது இறுக்கமாக இருந்தால் உள்ளே உள்ள தட்டுகள் நசிந்துபோகும் என்று பத்தொன்பதாம் பக்கம் சொல்கிறது.

"இஞ்சேருங்கோ, வடிகட்டின தண்ணியிலயோ அதைக் கழுவுறியள்?" என்று மனைவி இரத்தினேஸ்வரி ஒருநாள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"பின்ன? குழாய்த் தண்ணியில குளோரின் கிடக்கு."

"அதைத்தானே நாங்கள் குடிக்கிறம்."

"நீர் துருப்பிடிக்க மாட்டீர் தானே" என்றார் யோகலிங்கம்.

நல்ல விடயங்கள் தொற்றும். ஓர்ஸ் ஹில்லில் ஓய்வுபெற்ற இன்னும் பத்துப் பேர் ஆளுக்கொரு கோல் வாங்கினார்கள். "உள்துறைமுக உல்லாசத் தூண்டிலாளர் ஒன்றியம்" உதயமானது. தலைவர் யோகலிங்கம். செயலாளர் ஓய்வுபெற்ற அதிபர் சிவகுரு. யாப்பின் முதலாம் விதி, பாவித்த கருவியைக் கழுவித் துடைத்து எண்ணெயிட்டு நிழலில் வைக்கவேண்டும் என்பது. மாதக் கூட்டங்களில் ஆறரை அடிக் கோலா ஏழடிக் கோலா என்று தொண்டை கட்டும்வரை விவாதித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி உண்டுதான். அது சுரைக்காயைப் பற்றியது, கொடுவாவைப் பற்றி அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வீசிப் பழகும் பயிற்சி தலைவரின் வீட்டு வளவில் நடந்தது. ஒருநாள் சிவகுரு வீசிய செயற்கை இரை பறந்துபோய்க் கொடியில் காய்ந்த, இரத்தினேஸ்வரி வீட்டில் உடுத்தும் சோட்டியைக் கவ்விக்கொண்டது. ஏழு நிமிடப் போராட்டத்தின் பின் சோட்டி கரை சேர்ந்தது. ஒன்றியத்தின் அறிக்கையில் அது "முதலாவது வெற்றிகரமான இழுவைப் பரிசோதனை" என்று பதிவாகியிருக்கிறது.

இப்படிக் காலம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கொழும்பிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. கரையோர உல்லாசத் தூண்டில் ஊக்குவிப்புப் பணியகம் என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. உள்துறைமுகத்தில் "பாவனையற்றுக் கிடக்கும்" பழைய மர இறங்குதுறையை ஒன்றியத்தின் பொறுப்பில் விடப் பணியகம் தயாராம். நிபந்தனை ஒன்றே ஒன்று. மதிப்பீட்டு அலுவலரின் முன்னிலையில், மூன்று மணித்தியாலத்துக்குள், கோலைக்கொண்டு ஒரு கொடுவாவைக் கரையேற்றவேண்டும். ஏற்றினால் துறை ஒன்றியத்துக்குச் சொந்தம், கதவும் போடலாம், பூட்டும் போடலாம். ஏற்றாவிட்டால் அது இப்போதுபோலவே எல்லாருக்கும் பொது.

அந்தப் பாவனையற்ற துறையை டொமினிக் என்பவர் தினமும் பாவித்து வந்தார்.

டொமினிக் அன்புவழிபுரத்திலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வருவார். முன்பு கடலுக்குப் போனவர். வள்ளம் இழுக்கும்போது கால் நசிந்தது. நடப்பார், நிற்பார். ஆடுகிற வள்ளத்தில் ஏறி நிற்க ஏலாது. ஏழு ஆண்டுகளாக அந்த இறங்குதுறைதான் அவருடைய கடல். கருவி என்று பார்த்தால் ஒரு வெற்றுச் சோடாப் போத்தல், அதில் சுற்றிய தங்கூசி என்னும் நைலோன் நூல், நுனியில் ஒரு முள், முள்ளில் ஓர் உயிர் இறால். தரநிர்ணயம் எதுவும் இல்லாத இந்தச் சாமான்களை வைத்துக்கொண்டுதான் அவர் தன் வீட்டு உலையையும் வைத்தார், மிஞ்சியதை ஓர்ஸ் ஹில் வீடுகளுக்கும் விற்றார். யோகலிங்கம் வீட்டுச் சட்டியில் கொதித்த கொடுவாவும் அவர் பிடித்ததுதான். அலுமாரியில் இருந்த கோலுக்கு இந்த விடயம் தெரியாது.

பணியகத்தின் படிவத்தில் ஆறாம் கேள்வி, "பாவனையற்ற துறையின் தற்போதைய பாவனையாளருடன் கலந்தாலோசிக்கப்பட்டதா?" யோகலிங்கம் எந்தப் படிவத்தையும் அரைகுறையாக நிரப்புகிறவர் அல்லர். குடையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார்.

"டொமினிக், இந்தத் துறையை முன்னேற்றப் போறம். உமக்கு ஆட்சேபனை ஒண்டும் இல்லைத்தானே?"

"முன்னேற்றினா நல்லதுதானே ஐயா. அந்த மூண்டாவது பலகை ஆடுது, அதையும் ஒருக்காப் பாருங்கோ."

"பாக்கிறம். சனிக்கிழமை எங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை இருக்கு. கொடுவா பிடிச்சுக் காட்டவேணும்."

"பிடிக்கலாம் ஐயா. விடிஞ்சு வெயில் ஏற முதல் நல்லாக் கடிக்கும்."

யோகலிங்கம் ஒரு கணம் கதவைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். ஆனால் டொமினிக் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காத பொருளை எடுத்துக் கொடுப்பது அவருடைய பழக்கத்திலேயே இல்லை. ஆறாம் கேள்விக்கு, "ஆம். ஆட்சேபனை இல்லை. பலகை ஒன்று மாற்றும்படி கோரினார்" என்று எழுதினார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மதிப்பீட்டு அலுவலர் சனூஸா ஒரு குடையும் ஒரு படிவமுமாக வந்து சேர்ந்தார். இளவயது, கண்டிப்பான முகம். பதினொரு அங்கத்தவர்களும் ஒரே நிறத் தொப்பி போட்டு வரிசையாக நின்றார்கள். டொமினிக் மரியாதைக்காகத் துறையின் ஓர் ஓரத்துக்கு ஒதுங்கி, போத்தலோடு இருந்துகொண்டார்.

முதல் மணித்தியாலம் எந்தக் கோலைப் பாவிப்பது என்ற விவாதத்தில் போனது. வாக்கெடுப்பில் ஆறுக்கு ஐந்து என்று தலைவரின் கோல் வென்றது. இரண்டாவது மணித்தியாலம் நூலில் இரையை எந்த முடிச்சால் கட்டுவது என்பதில் போனது. நாலு பேர் கைத்தொலைபேசியில் நாலு காணொளி பார்த்து நாலு முடிச்சுப் போட்டார்கள். நாலும் அவிழ்ந்தன. இதற்கிடையில் ஓரத்தில் இருந்த டொமினிக் சத்தமில்லாமல் இரண்டு பாரைக்குட்டியை இழுத்துப் போட்டிருந்தார். ஒன்றியத்தின் கவனத்தை அது எவ்வகையிலும் சிதறடிக்கவில்லை.

எட்டு மணிக்கு, ஐந்தாவது முடிச்சு ஒருவாறு நின்றதும், யோகலிங்கம் கோலைத் தூக்கினார். மூன்று வருடம் பிள்ளைபோல வைத்திருந்த கோல். கீழே உப்புக் கடல்.

வீசினார். இரை காலடியில் விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி காலடி. வீசும் நேரத்தில் நூலைப் பிடித்திருக்கும் விரலைச் சட்டென்று விடவேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் ஒன்றையும் விட்டுப் பழகாத விரல் அது. ஐந்தாம் முறை எப்படியோ விட்டது. இரை அழகாகப் பறந்துபோய், கட்டியிருந்த வள்ளத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"காத்துச் சரியில்லை, தலைவர்" என்றார் சிவகுரு. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மேடைக்கு அன்று காற்றின் பெயர்.

எட்டு நாற்பதுக்கு யோகலிங்கத்தின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. சனூஸா கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபது நிமிடம் அப்படியே போயிருந்தால் துறை எல்லாருக்கும் பொதுவாகவே இருந்திருக்கும். டொமினிக்கின் அடுப்பும் எரிந்திருக்கும்.

ஆனால் டொமினிக் இரக்கக் குணம் உள்ளவர். அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கூசி விறைத்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். யோகலிங்கத்தின் முகம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, கோலைக் கொண்டு இஞ்சால வாங்கோ. பெரிசு ஒண்டு நிக்குது."

"எங்க நிக்குது?"

"என்ர நூலில."

"அப்ப அது உம்மட மீன்."

"என்ர நூலை உங்கட நூலோட முடிஞ்சு விடுறன். பிறகு உங்கட மீன்தானே."

டொமினிக் கோலின் நூலை இரையிலிருந்து அறுத்து, ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டார். நாலு காணொளியிலும் இல்லாத முடிச்சு. போத்தலை வெட்டிவிட்டார். மீன் ஓடியது. சுழலி சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. போன ஞாயிறு பத்தொன்பதாம் பக்கத்தின்படி தளர்த்திய திருகு இன்னும் தளர்ந்தபடியே இருந்தது.

"பாருங்கோ, ஒரு கறகறப்புச் சத்தம் இல்லை. அதுதான் பராமரிப்பு" என்றார் யோகலிங்கம், தன்னை மறந்து.

"ஐயா, பிடியுங்கோ. மீன் வள்ளத்துக்குக் கீழ போகப்போகுது" என்றார் டொமினிக். யோகலிங்கம் கோலை நெட்டாகப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் டொமினிக் ஓடுகிற நூலை வெறுங்கையால் எட்டிப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். பின்னல் நூல் கத்திபோல இறங்கியது. கால் ஊன்றி, பல்லைக் கடித்து, முழம் முழமாக இழுத்தார். ஒன்பதுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது ஐந்து கிலோக் கொடுவா ஒன்று அந்த மூன்றாவது பலகையில் துள்ளி விழுந்தது.

சனூஸா மீனைப் பார்த்தார். டொமினிக்கின் கையிலிருந்து சொட்டிய இரத்தத்தைப் பார்த்தார்.

"சேர், மீனைப் பிடிச்சது யாரு?"

"ஒன்றியம்" என்றார் சிவகுரு.

சனூஸா படிவத்தைப் புரட்டினார். "படிவத்துல அப்படிக் கேக்கல்ல. மீனுக்கும் கோலுக்கும் தொடர்பு இருந்ததா எண்டுதான் கேட்டிருக்கு. ஓம், இல்லை எண்டு ரெண்டு கட்டந்தான்."

"தொடர்பு இருந்தது" என்றார் யோகலிங்கம். அதில் பொய் இல்லை.

சனூஸா 'ஓம்' கட்டத்தில் அடையாளம் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். டொமினிக்கும் சாரத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தட்டினார்.

மீன் சாட்சிப்பொருள் என்பதால் தலைவரின் வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, பதினொரு அங்கத்தவர் முன்னிலையில் மத்தியானம் பரிசீலிக்கப்பட்டது.

"பிடிச்ச மனுசனுக்குத் தலையாவது குடுத்தனீங்களோ?" என்று சோறு போட்டபடி இரத்தினேஸ்வரி கேட்டார்.

"சாட்சிப்பொருளைப் பங்கு போடேலாது."

"சாட்சிக்குப் புளி காணுமோ எண்டு சொல்லுங்கோ, விடுறன்" என்று சட்டியை மேசையில் இடித்து வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் கோல் சோதிக்கப்பட்டது. கடலுக்குள் போனது நூல் மட்டுமே, அதை வெட்டி எறிந்தாயிற்று. கோலிலோ சுழலியிலோ ஒரு துளி உப்பும் இல்லை. ஆனாலும் மூன்று தண்ணீரில் அலசினார்கள். பஞ்சு விட்டுப் பார்த்தார்கள். மெல்லிய துணியால் ஒற்றி, வேப்பமர நிழலில் கிடத்தினார்கள். பிரசவித்த பெண்ணுக்குக்கூட அவ்வளவு பக்குவம் கிடைத்திராது.

இரண்டு கிழமையில் துறைக்குக் கதவு வந்தது. பூட்டு வந்தது. மூன்றாவது பலகையும் மாறியது. மூன்று மொழியிலும் விதிகள் எழுதிய பலகை ஒன்று மாட்டப்பட்டது. டொமினிக்கின் கை ஆற அவ்வளவு நாள் எடுத்தது. கை ஆறியதும் புது நூலும் புதுப் போத்தலுமாக முதல் பஸ்ஸில் வந்தார். யோகலிங்கம் விதிப்பலகைக்குத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, கதவெல்லாம்?"

"முன்னேற்றம். நீர் சொன்ன பலகையும் மாத்தியாச்சு."

"நல்லது. திறந்துவிடுங்கோ, வெயில் ஏறப்போகுது."

"நாலாம் விதியை ஒருக்கா வாசியும்."

டொமினிக் எழுத்துக் கூட்டி வாசித்தார். தரம் நிர்ணயிக்கப்பட்ட கோல், சுழலி, பின்னல் நூல் இல்லாதோர் இங்கு தூண்டில் இடலாகாது.

"போத்தல் எண்டு இதில இல்லையே ஐயா."

"இல்லை."

"அண்டைக்கு அந்தப் போத்தல்ல இருந்துதானே..." என்று தொடங்கியவர் கையிலிருந்த புதுப் போத்தலைப் பார்த்தார்.

யோகலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. வேறெந்தச் சொல்லாலும் அதை மூடமுடியாது, வெட்கம்தான். பூட்டின் திறப்பு சட்டைப்பையில் இருந்தது. கையை உள்ளே விட்டார், திறப்பு விரலில் பட்டது. மற்றப் பையில் செயற்குழு ஏகமனதாக நிறைவேற்றிய கடதாசி ஒன்று இருந்தது. அதைத்தான் எடுத்து நீட்டினார்.

"உமக்குக் கௌரவ அங்கத்துவம் தந்திருக்கிறம். கௌரவ அங்கத்தவர் உள்ள வரலாம். கதிரை போட்டு இருக்கலாம். மீன் பிடிக்கேலாது."

டொமினிக் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார். உள்ளங்கையில் சிவப்பாக இரண்டு கோடு தெரிந்தது. கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, வீட்டில என்ர மனுசி சீலா சட்டியைக் கழுவி வச்சுக்கொண்டு இருப்பா. அந்தச் சட்டிக்கும் இப்பிடி ஒண்டு தாங்கோவன். அதுவும் இனிச் சும்மாதானே இருக்கப்போகுது."

சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். யோகலிங்கம் அவர் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். திறப்பு பைக்குள்ளேயே இருந்தது.

சட்டி தொடர்பான கோரிக்கை அடுத்த கூட்டத்தில் ஆராயப்பட்டு, யாப்பில் இடமில்லை என்று மறுக்கப்பட்டது. இரத்தினேஸ்வரி இப்போது டின் மீன் வெட்டுகிறார். துறையில் பதினொரு கதிரைகள் இருக்கின்றன, ஒரு மீனும் கொல்லப்படுவதில்லை. பதினொரு கோல்களும் புதுக்கருக்குக் குலையாமல் நிழலில் இருக்கின்றன. ஒன்றியம் தொடங்கிய நாளிலிருந்து உண்மையில் பாவித்த கருவி ஒன்றே ஒன்றுதான், அது அன்புவழிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துபோனது. அதைக் கழுவித் துடைத்து எண்ணெயிட்டு நிழலில் வைக்கவேண்டும் என்பதுமட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.